கற்பூரத்தின் மேல் பழி போட்ட மகனுக்கு

அன்பு மகன் ராசுவுக்கு உன் அப்பன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், அங்கே உன் நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தடவை அந்த நலத்தைப் பற்றித்தான் கடிதமே என்பதால் அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கு எழுத ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அதனால் உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படித்தால் கால் கடுக்கும்.

மெட்ராஸ் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், இங்கேயே சுரங்க ஆபீசில் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்பை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். "இன்னாது, தண்ணி ஒத்துக்கலயாமா? குட்டையில எருமையோட ஒண்ணா வாய வெச்சிக் குடிச்ச புள்ள அது. அதுக்கு மெட்ராஸ் தண்ணி இன்னா பண்ணும்?" என்றாள். நானும் நம்பவில்லை. நம்பாததற்கு எனக்கு வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையே மறுபடி சொல்லப்போகிறேன். தெரிந்ததைத் திரும்பக் கேட்பது உனக்குச் சலிப்பாக இருக்கலாம், ஆனால் நீ தெரிந்துகொண்ட விதம் வேறு, அது நடந்த விதம் வேறு.

சுரங்கத்தில் நானும் உன் முனுசாமி மாமாவும் ஜோடி. வெடிக்குத் துளை போட ஒருவன் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் சம்மட்டியால் அதன் தலையில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பிடிக்கிறவன் கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பான். வெளிச்சம் என்று பார்த்தால் ஒரு மெழுகுவத்தி. பிடிக்கிறவன் அடிக்கிறவனை நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டான், கம்பியைத்தான் பார்ப்பான். மேலே சம்மட்டி இருக்கிறது, அது கம்பியின் தலையில்தான் இறங்கும் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பான். இதில் ஒரே ஒரு சட்டம்தான். அடிக்கிறவனுக்குக் கை தளர்ந்தால் உடனே "கை ஓஞ்சுது" என்று குரல் கொடுத்துவிட வேண்டும். பிடிக்கிறவன் எழுந்து சம்மட்டியை வாங்கிக்கொள்வான், இவன் உட்கார்ந்து கம்பியைப் பிடிப்பான். அதற்காக யாரும் யாரையும் கேலி செய்ய மாட்டார்கள். சாராயக் கடையில் எல்லாவற்றுக்கும் கேலி உண்டு, என் மூக்குக்குக்கூட உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

முனுசாமி நல்ல ஆள்தான். ஆனால் எங்கள் லெவலில், அந்த ஆழத்துச் சுரங்கப் பாதையிலேயே, பலசாலி என்று பெயர் வாங்கிவிட்டான், அந்தப் பெயர் அவன் தோளில் உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் அவனுக்குக் கை ஓய்ந்தது. அவன் சொல்லவில்லை. அன்றைக்கு என் இடது கை என்னவாயிற்று என்பதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். எலும்பு கூடிய பிறகும் என்னால் கம்பி பிடிக்க முடியவில்லை. நாலு எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் என்று சுரங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று முதல் முனுசாமி நம் வீட்டுக்குத் தினமும் வந்தான். விறகு பிளந்தான், கூரை மேய்ந்தான், உன்னைத் தோளில் வைத்துத் திரிந்தான். அந்த அடியைப் பற்றி மட்டும் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு புத்திசாலிகள்.

அப்புறம்தான் நம் வெள்ளைக்கார டாக்டர் துரை வந்தார், அவருடைய பெட்டிகளும் வந்தன. ஆழத்தில், அந்தச் சூட்டில் வேலை செய்கிறவனுடைய நெஞ்சும் தசையும் என்ன ஆகின்றன என்று ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னார். மணிக்கட்டில் வாரால் கட்டுகிற ஒரு சின்னப் பொறி, கடிகாரம்போல அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். புகை படிந்த கறுப்புத் தாள் ஒன்று அதற்குள் நகரும், நாடி துடிக்கத் துடிக்க ஒரு ஊசி அந்தக் கரியைச் சுரண்டி மலைமலையாகக் கோடு போடும். அதற்கு இங்கிலீஷில் ரயில் வண்டி நீளத்துக்கு ஒரு பெயர். நம் ஆட்கள் 'நாடி எழுதி' என்றார்கள். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு வளையம், நடுவில் முள் உண்டு, அழுத்தினால் கைப்பலம் தெரியும். அதற்கு 'எலுமிச்சம்பழம்' என்று பெயர் வைத்தார்கள். "இன்னா மாமே, தொரை உன்ன பழம் பிழிய கூப்ட்டாரா?" என்று வராந்தாவில் எப்போதும் ஒரே சிரிப்பு.

தாளுக்குப் புகை பிடிப்பது என் வேலை. கற்பூரப் புகைதான் மெல்லிசாக, ஒரே சீராகப் படியும் என்று துரை கற்றுக்கொடுத்தார். தட்டில் கற்பூரத்தை ஏற்றி, தாளை மேலே காட்டி, மழமழவென்று கறுப்பானதும் எடுத்துவிட வேண்டும். ஒருவனுக்கு நாடி எழுதும்போதே அடுத்தவனுக்கான தாளை அதே அறையில் தயார் செய்வேன். துரை சில நாள் அந்தத் தாள்களை ஜன்னலில் வரிசையாக வைத்து உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு பெரிய துள்ளல், அப்புறம் பழையபடி ஒழுங்கு. எல்லாருக்கும் அப்படியே. வெள்ளைக்கார மேஸ்திரிகளை உட்காரவைத்து எடுத்துப் பார்த்தார், அவர்களுக்கு இல்லை. ஆழத்துச் சூடு நம் ஆட்களின் இருதயத்துக்குச் செய்த புதுக் கெடுதல் இது என்று அவருக்கு ஒரே கவலை, கூடவே ஒரே உற்சாகம்.

சரி, சுரங்கத்தை விட்டு மேலே வந்துவிட்டவனுக்கு எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று என்னையே உட்கார வைத்தார். வலது கையில் பொறியைக் கட்டினார். "நீ சும்மா இராதே, இடது கையால் அடுத்த தாளுக்குப் புகை போடு" என்றார். கற்பூரத்தை ஏற்றினேன். ஜோதி எழுந்தது. சாமி இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் கை யோசிக்குமா? கட்டியிருந்த கையும் கட்டாத கையும் சேர்ந்து எழுந்து கும்பிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டன. ஊசி தாளை விட்டு ஓடியது. துரை என்னைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார், ஜன்னலில் வரிசையாக இருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் விழுந்து சிரித்தார் பார், அப்படியொரு சிரிப்பு. "நோய் இல்லை, கும்பிடு!" என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் கற்பூரம் பின்வராந்தாவுக்குப் போயிற்று. அதற்கு முன்னாலேயே, சர்ச்சுக்குப் போகிற அந்தோணி ஒருவன்தான் விவரமாக, "அண்ணே, நான் கண்ண மூடிக்கினு கீறேன், நீ கொளுத்திக்கோ, ஃபாதருக்குத் தெரிய வாணாம்" என்று உட்கார்ந்திருந்தான். அவனுடைய தாள் ஒன்றுதான் சுத்தமாக வந்திருந்தது.

நாடி எழுதியைக் கண்டு முதலில் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். எலுமிச்சம்பழம்தான் கடைசிவரை வம்பாக இருந்தது. திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் முள் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும், முடியாமல் போகும்போது சொல்ல வேண்டும். துரைக்கு வேண்டியது பலம் இல்லை, களைப்பு எப்படி வருகிறது என்பதுதான். ஆனால் களைப்பைக் காட்ட எவன் வருவான்? முள் இறங்கினால் கீழே வேலை போய்விடும் என்று பயம். ஆராய்ச்சித் தாள் ஆபீசுக்குப் போகாது என்று துரை சொன்னார், நானும் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. பல்லைக் கடித்தார்கள், மூச்சைப் பிடித்தார்கள், ஒருவன் துரை திரும்பிய நேரத்தில் முழங்கால் இடுக்கில் வைத்து நசுக்கினான். துரை வெறுத்துப்போனார்.

அந்த வரிசையில் முனுசாமியும் வந்தான். ஷிப்ட் முடிந்து கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்த வேர்வை காயவில்லை. அழுத்தினான், முள் பாய்ந்தது. மறுபடி, மறுபடி. எனக்குத் தெரியும் அவன் கையை. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு நடுக்கம் வரும். அது வந்துவிட்டது. அவன் விடவில்லை. முகம் கறுத்துப்போயிற்று, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டான். "டயர்டா, முனுசாமி?" என்று துரை கேட்டார். "இல்ல தொரை. இன்னும் பிழிவேன்." எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கையிலிருந்த தாள்களைக் கீழே போட்டுவிட்டு, "கை ஓஞ்சுதுனு சொல்டா!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியில் நான் அதுவரை சத்தமாகத் தும்மியதுகூட இல்லை. வராந்தாவில் சிரிப்பு நின்றுவிட்டது. முனுசாமி அந்த இரும்பை மேசைமேல் மெதுவாக வைத்தான். என்னைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்தான். "ஓஞ்சிச்சி மச்சான்" என்றான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கே ஓஞ்சிச்சி" என்றான். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. முள் நின்ற இடத்தை மட்டும் குறித்துக்கொண்டார். அதற்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக, பிழிந்து முடித்து, "ஓஞ்சிச்சி தொரை" என்று தாங்களாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று முனுசாமி காட்டிவிட்டான். துரையின் ஆராய்ச்சி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று நான் சொல்வேன். அவர் வேறு மாதிரி சொல்வார்.

கரண்ட்டு வந்த பிறகு மூன்றாவது பெட்டி வந்தது, எலும்பைக் காட்டுகிற விளக்கு. அது உனக்கே நன்றாகத் தெரியும், மெட்ரிக் முடித்துவிட்டு நீயும் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாய், அந்தக் கண்ணாடிக் குடுவையை நான் தொட்டால் உனக்கு உயிரே போய்விடும். முதலில் படம் பிடித்தது என் கையைத்தான். அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். உன் அம்மா கத்தினது உனக்கு ஞாபகம் இருக்கும். "இன்னாயா இது, உசுரோட கீறப்பவே சுடுகாட்டு எலும்ப வூட்டுக்கு எடுத்தாந்துக்கீற? கொண்டுபோய் வெளிய போடு!" ஆனால் முனுசாமி அதை வாங்கி வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். உடைந்த இடம், கோணலாகக் கூடிய இடம், எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "வளைஞ்சாலும் ஒட்டினுதான் கீது" என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தான். நடுவில் இத்தனை வருஷம் அவன் என்னைக் கிண்டலே செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இதே மாதிரி பொறிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கேட்டு, நம் துரை உன் பேரை எழுதிக் கொடுத்து, நீ புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கை பழகட்டும் என்று என்னை உட்காரவைத்து நாடி எழுதினாய். நான் புகை போட்டுக் கொடுத்த தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாய். திரும்பி வந்து இன்னொன்று எடுத்தாய். அப்புறம் இன்னொன்று. "இன்னாடா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் கீது. கற்பூரம் சரியா புகையல, கோடு தெளிவா வரல" என்றாய். தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

அடே ராசு, அந்தத் தாளைப் படிக்க எனக்குத் தெரியாது. அந்த மலைகளில் எது நல்ல மலை, எது கெட்ட மலை என்று கேட்டால் நான் விழிப்பேன். ஆனால் என் புகையைக் குறை சொன்ன முதல் ஆள் நீதான். துரை சொன்னதில்லை. உலகத்தில் நான் ஒழுங்காகச் செய்கிற காரியம் அந்த ஒன்றுதான், உன் அம்மாவைக் கேள், அவளும் அதைத்தான் சொல்வாள். கற்பூரத்தின் மேல் நீ பழி போட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் நீ புறப்படும் நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டதும், தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து பிடுங்கியதும், ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றதும் எல்லாம் சேர்ந்துகொண்டன.

உன்னை ரயிலேற்றிவிட்டு மறுநாளே துரையிடம் போய் உட்கார்ந்தேன். "எனக்கு ஒண்ணு எழுதுங்க தொரை, எழுதிட்டு இன்னானு சொல்லுங்க" என்றேன். எழுதினார். மறைக்கவில்லை. ஊசியை நிறுத்திவிட்டுத் தாளில் விரல் வைத்துக் காட்டினார். "இங்கே பார், உன் இருதயம் ஒரு படி தாண்டுது. அப்புறம் ஒரு பெரிய அடி வைக்குது." பாரம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது என்றார். எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேன். "ரொம்ப வருஷம் ஓடலாம். ஓடாமலும் போகலாம். எனக்குத் தெரியாது" என்றார். அந்தத் 'தெரியாது' எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நீ நல்லாத்தான் இருக்கு என்று சொன்னபோது வந்த பயம், அவர் தெரியாது என்றபோது பாதி போய்விட்டது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, யோசித்துப் பார்.

உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நெஞ்சு நடுவில் நொண்டுகிறதாம் என்றேன். "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து நீ நொண்டினுதான் கீற, இப்பதான் தொரை கண்டுபுடிச்சாரா?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகு நேரம் பாத்திரம் தேய்த்தாள், தேய்க்க ஒன்றும் இல்லாத நேரம் அது. மறுநாள் காலை முனுசாமி வந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனான். யார் சொல்லி வந்தான் என்று நான் கேட்கவில்லை.

நீ பயந்து சொன்ன பொய் அது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அங்கே உன் முன்னால் வந்து கையை நீட்டப்போகிறவர்கள் வண்டி இழுக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்கள் அந்தக் கோட்டைப் பார்க்க மாட்டார்கள், உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பவன் மாதிரி. சம்மட்டி உன் கையில். பார்த்ததைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். எப்படிச் சொல்வது என்பதற்கு நிதானம் வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், அதையெல்லாம் நீ கற்றுக்கொள்வாய். சொல்லாமல் இருப்பது இரக்கம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. முனுசாமியும் அன்றைக்கு என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. என்னை எழுப்ப வேண்டாம், இன்னும் நாலு அடி தானே அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

நீ இங்கே வந்து என்ன செய்யப்போகிறாய்? ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் வந்து நான் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருப்பாய். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடிப்பது யார்? பாறை அப்படியே இருக்கும். ஆகவே, அப்பன் என்கிற கௌரவத்தை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு நானே குரல் கொடுத்துவிடுகிறேன். ராசு, எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சம்மட்டியை நீ வாங்கிக்கொள். நான் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன், அது எனக்கு நன்றாக வரும், பழைய வேலைதானே. நீ அங்கேயே இருந்து அடி.

இன்னொன்று. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாயே என் தாள், அதை வார்னிஷில் முக்கினாயா? பதற்றத்தில் மறந்திருப்பாய். முக்காவிட்டால் கரி உதிர்ந்து சட்டையெல்லாம் ஆகிவிடும், கோடும் போய்விடும். மிச்சம் இருப்பதை உடனே முக்கிக் காயவைத்துப் பத்திரமாக வை. பொங்கலுக்கு லீவு கொடுப்பார்கள் இல்லையா, அப்போது கொண்டுவா. புதிதாக ஒன்று எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எழுதுவது நீ, கற்பூரம் என்னுடையது. கும்பிடாமல் இருக்க முயற்சி செய்கிறேன், உறுதி சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் விட்டதை இப்போது எழுதிவிடலாம். அம்மா நலம். முனுசாமி நலம், நேற்றுக்கூட என் மூக்கைப் பற்றிப் பேசினான். நான் நடுநடுவே ஒரு படி தாண்டுகிறேன், மற்றபடி நலம். மெட்ராஸ் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? உள்ளதை எழுது.